சூடேறி நின்ற ஸ்னோமொபைல் எஞ்சின்: காரணம் தேடுவதிலிருந்து எஞ்சினை மாற்றுவது வரை

ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் தன் ஸ்னோமொபைலை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கனடாவின் ஸ்கார்பரோவில் உள்ள என் வீட்டு கராஜ் வாசலுக்கு வந்தார். ஹாலிபர்ட்டன் பக்கத்துப் பனித்தடத்தில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி, கீச்சென்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டதாம். "அண்ணா, புது பிஸ்டன் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெப்பமானியும் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது" என்றார். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்தது. வரக்கூடாத அளவுக்குச் சுலபமாக வந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்று காற்றை அழுத்தவே இல்லை என்பது அந்தக் கயிற்றிலேயே தெரிந்துவிட்டது.

முதல் முறை பிஸ்டன் எரிந்தபோது ஒரு பட்டறையில் புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பழையது ஏன் எரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எரித்த காரணம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, புதியதையும் எரித்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பேனரை எடுப்பதற்கு முந்தைய பகுதிதான் நீளமாக இருக்கும். சூட்டின் காரணம் கையில் கிடைக்கும்வரை உதிரிபாகத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தால் குளிரும் எஞ்சின்களைப் பற்றியது. கனடாவின் பனித்தடங்களில் அதிகம் ஓடுபவை அவைதான். போல்ட் இறுக்கும் அளவு, இடைவெளி அளவு போன்றவை மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எஞ்சினைத் திறக்க வேண்டாம்.

பனிதான் ரேடியேட்டர்

1959-இல் கியூபெக் மாகாணத்து வால்கூர் ஊரில் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே ஸ்கிடூ என்ற ஸ்னோமொபைலை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் இருந்தது காற்றால் குளிரும் ஒரு சிறிய எஞ்சின். இன்றைய எஞ்சின்களின் பலத்துக்குக் காற்று போதாது. ஆனால் காரில் இருப்பதுபோல் முன்னால் ஒரு பெரிய ரேடியேட்டரும் பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. வண்டியின் முதுகெலும்பாக நீளும் அலுமினியக் கூண்டின் அடிப்புறத்தில், சுழலும் பட்டைக்கு நேர் மேலே, நீண்ட குளிர்விப்புத் தட்டுகள் இருக்கின்றன. பட்டை வாரி எறியும் பனி அந்தத் தட்டுகளில் மோதி உருகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது.

இது புரிந்துவிட்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். வழுக்கும் வெறும் ஐஸ் மேல் ஓடினால் வாரி எறியப் பனி இல்லை, ஆகவே குளிர்ச்சியும் இல்லை. உறைந்த சிம்கோ ஏரியில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பகல் வெயிலில் இளகி இரவில் இறுகிய மார்ச் மாதத் தடங்களிலும் இதே கதைதான். பின்னால் தொங்கும் ரப்பர் மடல் கிழிந்து போயிருந்தாலும், அழகுக்காக அதை வெட்டிச் சுருக்கியிருந்தாலும், பனி தட்டில் படாமல் பின்பக்கமாகப் பறந்துவிடும். சின்ன ரப்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

நல்ல பனியில் பெரும்பாலான வண்டிகள் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையில் ஓடும். 75-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். "எஞ்சின் சூடேறிவிட்டது" என்று நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்களை. ஒன்று, கூலன்ட் கொதித்து எஞ்சின் முழுவதும் சூடாவது. இதை வெப்பமானி காட்டும், எச்சரிக்கை விளக்கு எரியும். மற்றொன்று, பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவையால் பிஸ்டனின் தலை மட்டும் உருகுவது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போவதாலும், உள்ளே வரும் பெட்ரோலே பிஸ்டனைக் குளிர்விப்பதாலும், கலவை வறண்டால் பிஸ்டன் சில விநாடிகளில் எரிந்துவிடும். அப்போதும் வெப்பமானியின் முள் அமைதியாக 55-இல் நிற்கும். நண்பருக்கு வந்தது இந்த இரண்டாவது நோய்.

தடத்தில் சூடேறினால்

விளக்கு எரிந்தவுடன் வேகத்தைக் குறைத்து, தடத்தின் ஓரத்தில் இளம்பனி இருக்கும் இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று நிமிடம் இளம்பனியில் ஓடினாலே முள் இறங்கத் தொடங்கும். ஸ்கிராட்சர் எனப்படும் சுரண்டு கம்பிகள் இருந்தால் இறக்கிவிடுங்கள். அவை ஐஸைக் கீறித் தூளைப் பட்டைக்குள் அனுப்பும். பின்னோக்கி ஓட்டும் முன் அவற்றைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பல வகைக் கம்பிகள் வளைந்துவிடும்.

இளம்பனியே இல்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, பனியை அள்ளிக் கால் வைக்கும் பலகைகளின் மேலும் கூண்டின் மேலும் குவியுங்கள். சூடான சிலிண்டர் மேலோ அதன் மூடியான ஹெட் மேலோ ஒரு பிடி பனியும் வைக்காதீர்கள். திடீர்க் குளிரில் சிலிண்டர் சுருங்கி, உள்ளே விரிந்து நிற்கும் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துவிடும். கூலன்ட் மூடியை சூட்டோடு திறப்பது முகத்தைக் கொதிநீருக்குக் கொடுப்பதற்குச் சமம்.

ஆற வைத்த பிறகும் நல்ல பனியில் மறுபடி சூடேறுகிறதா? அப்படியானால் குறை பனியில் இல்லை, வண்டியில் இருக்கிறது. இழுத்துக்கொண்டு வீடு வாருங்கள்.

காரணத்தைத் தேடுதல்: எளியதிலிருந்து கடினமானதுக்கு

கூலன்ட்டிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது. தண்ணீரும் எத்திலீன் கிளைகோலும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கிளைகோல் அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். தண்ணீரே கலக்காத கிளைகோல் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்; சூட்டைக் கடத்தும் திறனும் அதற்குக் குறைவு. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் கலவை எவ்வளவு என்று தெரியும். கீழே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். அதன் இனிப்பு நாய்களையும் பூனைகளையும் இழுக்கும், கொஞ்சம் நக்கினாலும் சிறுநீரகம் போய்விடும்.

அடுத்தது மூடி. கூலன்ட்டை அழுத்தத்தில் வைத்திருப்பதால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மொத்த அமைப்பும் தோற்றுவிடும். கைப்பம்ப்பும் மீட்டரும் கொண்ட பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு. குழாய் இணைப்புகள், கூண்டின் அடியில் உள்ள தட்டுகளின் வெல்டிங், தண்ணீர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். அந்தத் துளையில் கூலன்ட் வழிந்த கறை இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. குளிர்விப்புத் தட்டுகளில், பட்டையில் பதித்த ஸ்டட் ஆணிகள் உரசிக் கிழித்த கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க மறக்காதீர்கள்.

கூலன்ட் இருக்கிறது, கசிவு இல்லை, ஆனாலும் சூடேறுகிறது என்றால் அது சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு என் கையே கருவி. எஞ்சினை ஓடவிட்டு, கூண்டின் பின்முனைத் தட்டில் உள்ளங்கையை வைத்துக் காத்திருங்கள். சூட்டுக்கேற்பக் கூலன்ட்டின் பாதையைத் திறக்கும் தெர்மோஸ்டாட் திறந்ததும் ஒரு கட்டத்தில் குளிர்ந்த உலோகம் மெல்ல வெதுவெதுப்பாகி, பிறகு சூடாக வேண்டும். எஞ்சின் கொதிக்கும்போதும் பின்தட்டு பனிக்கட்டிபோல் இருந்தால் மூன்றில் ஒன்று: தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது, பம்ப்பின் இறக்கை உடைந்தோ தண்டில் வழுக்கியோ போய்விட்டது, அல்லது உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பழைய பாத்திரத்து நீரில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்கினால் எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

ஹெட் கேஸ்கட்டோ ஓரிங்கோ போயிருந்தால் வேறு அடையாளங்கள் உண்டு. கூலன்ட் பாட்டிலில் குமிழ்கள் ஓயாமல் வரும். புகை வெள்ளையாகவும் இனிப்பு வாடையோடும் இருக்கும். ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருக்கும்.

விசிறியால் குளிரும் சிறிய வண்டிகளுக்கு இவ்வளவு தேடல் வேண்டாம். விசிறி பெல்ட்டையும், எஞ்சினைச் சுற்றியுள்ள மூடியையும் கழற்றிப் பாருங்கள். கோடையில் கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கூடு கட்டியிருப்பது சர்வசாதாரணம்.

இனி இரண்டாவது நோய். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நண்பரின் வண்டியில் கிளட்ச் பக்கத்துப் பிளக் காப்பிக்கொட்டைப் பழுப்பில் இருந்தது. ஃப்ளைவீல் பக்கத்தது சுண்ணாம்பு வெள்ளை. அதன் பீங்கானில் மணல் துகள்போலச் சிறு வெள்ளிப் புள்ளிகள். அவை உருகித் தெறித்த பிஸ்டன். ஒரே பெட்ரோல் டாங்க், ஒரே எண்ணெய், ஒரே ஓட்டுநர். ஒரு சிலிண்டர் மட்டும் வறண்டிருக்கிறது என்றால் காரணமும் அந்தச் சிலிண்டருக்கே உரியதாக இருக்க வேண்டும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம், பார்ப்பது அடுத்து. இரண்டு பிளக்கையும் கழற்றி, ஸ்பார்க் வராதபடி இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, மீட்டர் முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். பல எஞ்சின்களில் 120 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் இருக்கும். அந்த அளவைவிட முக்கியம், இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம். பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு ஒன்று 118, மற்றது 65.

பிறகு எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்துப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே பார்க்க டூ ஸ்ட்ரோக் தரும் சலுகை இது. ஆரோக்கியமான பிஸ்டனில் கடைசல் இயந்திரத்தின் மெல்லிய வரிகள் தெரியும். நாங்கள் பார்த்தது உழுத வயலை.

எது காற்றைக் கசியவிட்டது என்று அறிய ஒரே நம்பகமான வழி, பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையின் அழுத்தச் சோதனை. பெட்ரோல் வரும் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பான்களால் இறுக்கி மூடி, பிளக் துவாரம் வழியாகக் கைப்பம்ப்பில் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். நல்ல சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். சில நிமிடம் முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால் சோப்பு நீரை பிரஷ்ஷில் தொட்டு எல்லா இணைப்பிலும் பூசுங்கள். கார்புரேட்டர் அமரும் ரப்பர் வாய்கள், கிராங்க் அறையின் நடு இணைப்பு, எக்ஸாஸ்ட் துவாரத்தின் உயரத்தை மாற்றும் பவர் வால்வின் கேஸ்கட், கிராங்கின் இரு முனைச் சீல்கள். நாங்கள் ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டுப் பூசினோம். தண்டைச் சுற்றிச் சீலின் கீழ்ப்பகுதியில், கடுகளவு குமிழ்கள் வரிசையாகப் பூத்து உடைந்துகொண்டே இருந்தன. அந்தச் சீல் காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் வழியே காற்று புகுந்து அந்த ஒரு சிலிண்டரை வறட்டியது. இரண்டு பிஸ்டன்களைத் தின்றது விரல் கனமுள்ள அந்த ரப்பர் வளையம்தான்.

சோதனையில் கசிவு இல்லையென்றால் பெட்ரோல் பாதையைப் பாருங்கள்: அடைத்த ஜெட், அழுக்கேறிய வடிகட்டி, சோர்ந்த பெட்ரோல் பம்ப், எத்தனால் கலந்து மாதக்கணக்கில் நின்று தண்ணீர் பிரிந்த பெட்ரோல். எண்ணெய் பம்ப்பின் கேபிள் சரியான குறியில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

எரிந்த பிஸ்டன் சொல்வது

ஹெட்டைத் திறந்ததும் பிஸ்டனைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அது சாட்சி.

உரசல் நான்கு மூலைகளில் மட்டும் செங்குத்தாக இருந்தால் அது குளிர் இறுக்கம். எஞ்சின் சூடாகும் முன்பே முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததால், பிஸ்டன் விரிந்து சிலிண்டர் விரியாமல் போனது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் மட்டும் உரசலும் தலையின் ஓரம் உருகியும் இருந்தால் வறண்ட கலவை. சுற்றிலும் உரசியிருந்தால் கூலன்ட்டோ எண்ணெயோ தீர்ந்திருக்கிறது. தலையின் ஓரம் மணல் வீசியதுபோல் பொத்தல் பொத்தலாக இருந்தால் வெடிப்புத்தட்டல், அதாவது கலவை சீராக எரியாமல் திடீரென வெடிப்பது. மட்டமான பெட்ரோல் அல்லது தவறிய இக்னிஷன் நேரம். தலையில் கார்பன் சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தால் கூலன்ட் உள்ளே வந்திருக்கிறது.

சோதனைகளில் கிடைத்த காரணமும் பிஸ்டன் சொல்லும் காரணமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் இன்னும் தேடுங்கள்.

மேல்பகுதி மட்டுமா, முழு எஞ்சினா?

இதை முடிவுசெய்வது கிராங்க். சிலிண்டரைத் தூக்கியதும் கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம். மேலும் கீழும் கொஞ்சமும் அசையக் கூடாது. ராடின் அடிப்பகுதி நீலம் பாய்ந்திருந்தால் அந்தப் பேரிங் வெந்துவிட்டது. கிராங்கை மெதுவாகச் சுற்றும்போது கையில் மணல் அரைவதுபோல் உணர்ந்தாலும், பேரிங்கில் துரு தெரிந்தாலும், பிஸ்டன் துண்டு துண்டாக உடைந்து கீழே விழுந்திருந்தாலும் மேல்பகுதி வேலை மட்டும் போதாது. உடைந்த அலுமினியம் உள்ளே கிடக்க, மேலே புதிய பிஸ்டன் போடுவது காசைக் கொளுத்துவது.

கிராங்க் நன்றாக இருந்தால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட், தேவையான சீல் ஆகியவற்றோடு முடித்துவிடலாம். கிராங்கும் போயிருந்தால் மூன்று வழி: அறையைப் பிரித்து முழுக்கப் புதுப்பிப்பது, பழைய எஞ்சினைக் கொடுத்துப் புதுப்பித்த எஞ்சினை வாங்குவது, விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினை வாங்குவது. மூன்றாவது வழியில் போனால் கம்ப்ரஷனும் அழுத்தச் சோதனையும் உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயருள்ள எஞ்சினிலும் வருடத்துக்கு வருடம் சென்சாரும் கம்ப்யூட்டரும் மாறும். எஞ்சின் நம்பரை வைத்து ஒப்பிட்டபிறகே பணம் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டிக்கு நான் பெரும்பாலும் புதுப்பித்த எஞ்சினைத்தான் சொல்வேன். கிராங்க் வேலைக்குப் பிரஸ்ஸும் டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும். வீட்டு கராஜில் அது கைகூடுவதில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் ஹெட் வளைந்திருந்தால் வால்வு, டைமிங் செயின் எல்லாம் சேர்ந்து வரும். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மேல்பகுதியைச் சரிசெய்தல்

முதலில் கூலன்ட்டை வடியுங்கள்; எக்ஸாஸ்ட், காற்றுப்பெட்டி, கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றும் முன் போன் கேமராவில் படம் எடுத்து, டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். சிலிண்டர் கொஞ்சம் மேலே வந்ததுமே கிராங்க் அறையின் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட வேண்டும். பிஸ்டன் பின்னின் சர்கிளிப் தெறித்து உள்ளே விழுந்தால், அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும்.

சிலிண்டர்தான் விலையுயர்ந்த பகுதி. இன்றைய சிலிண்டர்களின் உள்சுவரில் நிக்கசில் எனப்படும் நிக்கல், சிலிக்கன் கார்பைடு பூச்சு இருக்கும். அதைப் பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர்போல் கடைந்து பெரிதாக்க முடியாது. ஆனால் பயங்கரமாகக் கீறியதுபோல் தெரிவது பெரும்பாலும் பூச்சின் மேல் அப்பிக்கொண்ட பிஸ்டன் அலுமினியம்தான். கட்டுமானக் கடைகளில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்தக் கறையின் மேல் மட்டும் தடவுங்கள். அலுமினியம் இருக்கும்வரை நுரைத்துப் பொங்கும்; பூச்சு தெரிந்ததும் நுரை அடங்கிவிடும். அடங்கிய உடனே நிறைய நீரால் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரால் இன்னொரு முறை கழுவி, உலர்த்தி எண்ணெய் தடவுங்கள். துவாரங்களின் ஓரங்களில் வெறும் அலுமினியம் இருப்பதால் அங்கே அமிலம் படக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வெட்டவெளியில் செய்யுங்கள். கழுவியபின் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால், அல்லது பூச்சு உரிந்து உள்ளே உலோகம் தெரிந்தால், அந்தச் சிலிண்டரை மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும். அல்லது வேறு வாங்க வேண்டும்.

ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புக் கோலை வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று ஆறு திசையிலும் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே எனக்கு உறுத்தும். சிறு வளைவென்றால், தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டுப் போடுவதுபோல் ஹெட்டைத் தேய்த்து மட்டமாக்கலாம். பெரிய வளைவென்றால் கடைசல் பட்டறைதான்.

புதிய ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன், சிலிண்டருக்குள் தனியாக வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளவிடுங்கள். 72 மி.மீ. சிலிண்டருக்குச் சுமார் 0.3 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. கையேட்டின் அளவே இறுதி. இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து முட்டி உடையும்.

சேர்க்கும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட்டை நோக்க வேண்டும். பள்ளத்திலுள்ள சிறு முளையில் ரிங்கின் வாய் உட்கார வேண்டும். சர்கிளிப் எப்போதும் புதியது. அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே. எல்லாவற்றிலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயைத் தடவுங்கள். ரிங்கை விரலால் அமுக்கிக்கொண்டு சிலிண்டரை இறக்குங்கள். எங்காவது தடுத்தால் தட்டாதீர்கள், தூக்கிப் பாருங்கள். இரண்டு சிலிண்டரும் தனித்தனி என்றால், அடி நட்டுகளை லேசாக விட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை முதலில் பொருத்தி, இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தியபின் இறுக்குங்கள். இல்லையென்றால் எக்ஸாஸ்ட் கேஸ்கட் கசியும். பவர் வால்வைச் சுத்தம்செய்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் வைத்து மாட்டுங்கள். தலைகீழாகப் போனால் பிஸ்டனில் இடிக்கும். ஹெட்டை டார்க் ரெஞ்சால் மூன்று கட்டமாக, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்காக இறுக்குங்கள்.

முடித்ததும் மறுபடி 6 பிஎஸ்ஐ சோதனை. இதைத் தவறவிடவே கூடாது. அந்தப் பட்டறை இதைச் செய்திருந்தால் நண்பரின் இரண்டாவது பிஸ்டன் பிழைத்திருக்கும்.

முழு எஞ்சினையும் மாற்றுவதென்றால்

பேட்டரியைக் கழற்றி, ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியென்றால் பெட்ரோல் பாதையின் அழுத்தத்தைக் கையேடு சொன்னபடி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். டிரைவ் பெல்ட்டை எடுத்தபின், முன் கிளட்ச்சை அதற்குரிய புல்லரால்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் அடித்தால் கிராங்கின் முனை வளைந்துவிடும். எண்ணெய்க் குழாய்களை அடைத்து, வயர்களைப் பிரித்து, மவுண்ட் போல்ட்டுகளை எடுத்தால், இரண்டு பேர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கிவிடலாம்.

புதியது உள்ளே போகும் முன் வண்டியைச் சுத்தம் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் தங்கிய அலுமினியத் துகளைத் தட்டிக் கொட்டுங்கள். குளிர்விப்புத் தட்டுகளில் நீர் பாய்ச்சிக் கசடை வெளியேற்றுங்கள். பம்ப் இறக்கை உடைந்த வண்டியில் அதன் துண்டுகள் எங்கோ சிக்கியிருக்கும். பெட்ரோல் டாங்க்கைக் காலிசெய்து, வடிகட்டியையும் ஜெட்டுகளையும் புதிதுபோல் ஆக்குங்கள். கூலன்ட் குழாய்கள் மடிந்து நெரியாமல் போகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய எஞ்சினைக் கொன்ற காரணம் எதுவோ அது போய்விட்டதா என்று இந்த இடத்தில் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளட்ச் உட்காரும் கூம்பு முனையிலும் கிளட்ச்சின் உட்புறத்திலும் துளி எண்ணெயும் கிரீஸும் இருக்கக் கூடாது; துடைத்து உலர்த்தி, குறித்த அளவுக்கு இறுக்குங்கள். இரண்டு கிளட்ச்சும் ஒரே கோட்டில், சரியான தூரத்தில் நிற்கின்றனவா என்று அளவுக் கோல் வைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் கணக்கில் தவறினாலும் பெல்ட்டுகளை வரிசையாகத் தின்னும்.

எண்ணெய் பம்ப்பின் பாதையிலிருந்து காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால், புதிய எஞ்சின் முதல் நிமிடங்களை எண்ணெய் இல்லாமல் ஓடும். பம்ப்பின் திருகைத் திறந்து, குமிழில்லாத எண்ணெய் வரும்வரை வடியவிட்டு மூடுங்கள். கார்புரேட்டர் வண்டிகளில் முதல் டாங்க் பெட்ரோலிலும் கொஞ்சம் எண்ணெய் கலப்பது வழக்கம். அளவைக் கையேடு சொல்லும். நேரடி இன்ஜெக்ஷன் வண்டிகளில் நீங்களாகக் கலக்காதீர்கள். சில மாடல்களில் புது எஞ்சின் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவித்தால் அதுவே எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கும், அதை டீலரின் மென்பொருளில் செய்ய வேண்டும்.

கூலன்ட்டும் முதல் ஓட்டமும்

உள்ளே அடைத்த காற்று ஒன்றே போதும், செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். இங்கே வரிசை முக்கியம்.

1. காற்று வெளியேற்றும் திருகு எங்கே இருக்கிறதோ அது எஞ்சினின் உயரமான இடமாக இருக்கும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்துங்கள். முன்பக்கத்தைத் தூக்குவதா பின்பக்கத்தையா என்பது மாடலைப் பொறுத்தது.
2. திருகைத் திறந்து வைத்து, கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். குமிழ் நின்று நீராக வந்ததும் மூடுங்கள்.
3. தடித்த குழாய்களைக் கையால் பிசைந்துகொண்டே இருங்கள். களக் களக் என்ற சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது.
4. கராஜ் கதவைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும். பின்தட்டு சூடாகும்வரை காத்திருங்கள்.
5. அணைத்து, முழுக்க ஆறவிட்டு, குறைந்த அளவை ஊற்றுங்கள். இதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள்.

முதல் டாங்க் தீரும்வரை இளம்பனி உள்ள தடத்தில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நீண்ட நேரம் முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம். ஒவ்வொரு காலையும் முள் 40-ஐத் தொடும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் புறப்படுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கிளட்ச் போல்ட்டின் இறுக்கத்தையும் சரிபாருங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்குவது கையேட்டில் இருந்தால் மட்டும்.

நண்பரின் வண்டிக்கு இரண்டு முனைச் சீல்களும், ஒரு பிஸ்டனும், கேஸ்கட்டுகளும் வாங்கினோம். சிலிண்டர் அமிலக் கழுவலிலேயே தேறிவிட்டது. கிராங்க் நன்றாக இருந்தது. அந்த ஆண்டின் பனி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை அவர் மறுபடி ஹாலிபர்ட்டன் போனார். மாலையில் தடத்தின் ஓரத்தில் நின்று ஒரு படம் அனுப்பியிருந்தார். கையுறை போட்ட உள்ளங்கையில் இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டும் ஒரே காப்பிக்கொட்டைப் பழுப்பு.